வெள்ளவத்தையில் ஒரு கணினித் திருத்தகம்: காரணம் தெரிந்த பிறகே கைவைக்கிறார்கள்

தானாக அணைந்து தானாகவே எழும்பும் மேசைக் கணினியைக் கொழும்பில் எங்கே கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், இனி நான் யோசிக்காமல் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை. முன்னால் சின்ன மேசை, அதற்குப் பின்னால் சுவரோடு சுவராக நீண்ட வேலை மேசை, அவ்வளவுதான். விற்பனைக்கு ஒரு மவுஸ்கூடத் தொங்கவில்லை. திருத்துவது மட்டுமே அங்கே தொழில். வருகிற வேலையே கைக்கு மிஞ்சிப் போகிறது, பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

நான் வீட்டிலிருந்து பக்க வடிவமைப்புச் செய்கிறேன். கலியாண அழைப்பிதழ், பாடசாலை ஆண்டு மலர், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் என்று பலதும் வரும். எல்லாவற்றையும் விட அதிகம் வருவது கல்வெட்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவு நூல் அது. தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்ச விருட்சம், பேரப்பிள்ளைகளின் அஞ்சலி எல்லாம் அதற்குள் வர வேண்டும். கனடாவிலிருந்து மகள் வாட்ஸப்பில் அனுப்பும் படம் கடைசி நேரத்தில்தான் வந்து சேரும். திகதியைத் தள்ளிப்போட முடியாத வேலை. அந்த வேலைக்கு நடுவில் கணினி கண்ணை மூடித் திறந்தால் என்ன பாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு நடந்தது இதுதான். திரை திடீரென்று கறுக்கும். பிழை வந்தால் விண்டோஸ் காட்டும் நீலத் திரை எதுவும் வராது, எச்சரிக்கையும் வராது. ஒரு நொடி அமைதி. பிறகு காற்றாடி உரத்துச் சுழல, எதுவும் நடக்காததுபோல விண்டோஸ் புதிதாகத் தொடங்கும். படங்கள் நிறைந்த கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றும்போது பல முறை நடந்தது. சில நாட்களில் ஒன்றும் செய்யாமல் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதும் நடந்தது. காலையில் அரிது, மாலை ஆறரைக்குப் பிறகு தொல்லை கூடும். ஒரு ஒழுங்கு இருப்பதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும்.

முதலில் கொடுத்தது வேறோர் இடத்தில். கணினியைத் திறக்கவும் இல்லை, எப்போது அணைகிறது என்று கேட்கவும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, அதனால்தான் இப்படி என்றார்கள். வன்தட்டை அழித்து விண்டோஸை மீளப் பதிந்து தந்தார்கள். ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த பாமினி வகைத் தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை அமைப்பையும் நான் மறுபடி உட்கார்ந்து நிறுவி முடித்த அன்று மாலையே கணினி அணைந்து எழும்பியது. திரும்பக் கொண்டுபோனபோது, அப்படியானால் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்ட் போய்விட்டது, புதிதாக வாங்குவது நல்லது என்று பதில். ஆதரவு முடிந்தது உண்மைதான். இனி வழக்கமான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் வராது என்பது அதன் பொருள். ஆதரவு முடிந்ததற்காக எந்தக் கணினியும் நடுவேலையில் அணைந்து எழும்பாது. ஓர் உண்மையைச் சொல்லி, அதோடு சம்பந்தமில்லாத காரணத்தை அதன் முதுகில் ஏற்றுவது எனக்குக் கோபமூட்டியது. இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

வெள்ளவத்தைக் கடைக்கு முதலில் தொலைபேசியில்தான் பேசினேன். எடுத்தவர் அங்கே வேலை செய்யும் இளைஞர். பேச்சில் மலையகத்து வாடை. விவரத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதற் கேள்வியே என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது.

“அக்கா, அணைந்துபோய்க் கிடக்கிறதா, இல்லை தானாகவே மறுபடி எழும்புகிறதா?”

தானாக எழும்புகிறது என்றேன்.

“சரி. கணினியை மட்டும் கொண்டுவர வேண்டாம். சுவரிலிருந்து அதற்குக் கரண்ட் வருகிற பாதை முழுவதையும் கொண்டுவாருங்கள். யூபிஎஸ், பவர் வயர், இடையில் நீட்டிப்புப் பலகை இருந்தால் அதுவும்.”

கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பற்றரியில் கணினியை ஓடவைக்கும் அந்த யூபிஎஸ்ஸை ஓட்டோவின் பின்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நல்ல பாரம். ஆனால் அந்த ஒரு வேண்டுகோளிலேயே இவர்களுக்கு வேலை தெரியும் என்று நம்பிக்கை வந்துவிட்டது. கணினி என்பது பெட்டி மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

கடையில் ஒற்றை ரூல் கொப்பி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம். திருகாணியைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பக்கம் பாதி நிறைந்துவிடுகிறது. எந்த நேரத்தில் நடக்கிறது, எந்த வேலையின்போது, நீலத் திரை வருகிறதா, அண்மையில் புதிதாக ஏதாவது பொருத்தினீர்களா, அதே மின்னிணைப்பில் குளிர்சாதனப் பெட்டியோ தண்ணீர்ப் பம்போ இருக்கிறதா, யூபிஎஸ் ‘டிக்’ என்று சத்தம் போடுகிறதா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றேன். மாலையில் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும். தொலைபேசியில் பேசிய அந்த இளைஞர் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டார்.

பிறகு கணினியை ஓடவிட்டு நடந்ததையெல்லாம் விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தார். வரிசையாகச் சிவப்பு அடையாளங்கள்; எல்லாவற்றிலும் ‘கேர்னல் பவர் 41’. இணையத்தில் தேடினால் இந்த எண்ணுக்கு ஆயிரம் விளக்கம் வரும், நானும் வாசித்திருந்தேன். அவர் சொன்னது சுருக்கமாக இருந்தது: “இந்த 41 காரணத்தைச் சொல்வதில்லை அக்கா. போன முறை என்னை ஒழுங்காக மூடவில்லை என்று விண்டோஸ் எழும்பிய பிறகு எழுதிவைக்கும் குறிப்புத்தான். உள்ளே என்ன எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.” விவரங்களைத் திறந்து ‘பக்செக் கோட்’ என்ற வரியைக் காட்டினார். 0 என்று இருந்தது. மென்பொருளோ டிரைவரோ இடறி விழுந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பிழை எண் இருந்திருக்கும், விண்டோஸ் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் ஒரு கோப்பும் விழுந்திருக்கும். இரண்டும் இல்லை. எழுதிவைக்க அவகாசம் கிடைக்கும் முன்பே கரண்ட் அறுந்திருக்கிறது, அல்லது வன்பொருள் ஏதோ மீள்தொடக்கக் கட்டளை கொடுத்திருக்கிறது என்பது அதன் பொருள்.

இன்னொன்றும் செய்தார், இதை வீட்டில் நீங்களே செய்யலாம். பிழை வந்தால் தானாக மறுபடி தொடங்கும்படி விண்டோஸ் வழக்கமாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நீலத் திரை வந்தாலும் நாம் வாசிக்கும் முன் மறைந்துவிடும். சிஸ்டம் அமைப்புகளில் மேம்பட்ட பகுதிக்குள் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே தானாகத் தொடங்கு என்பதற்கு எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால், நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும். என் கணினி அதன் பிறகும் திரை கறுத்தே போனது. ஆக மென்பொருள் மீது இருந்த சந்தேகம் அந்த இடத்தோடு தீர்ந்தது. முதலாவது கடை வன்தட்டை அழிக்கும் முன் இதைப் பார்த்திருந்தால் என் இரண்டு நாள் வேலை மிஞ்சியிருக்கும்.

அடுத்து அவர் போன பாதையைத்தான் நான் இந்தக் கடையின் பெரிய சிறப்பாகச் சொல்வேன். செலவில்லாத சந்தேகங்களை முதலில் தீர்க்கிறார். கேசிங்கின் முகப்பில் இருக்கும் ரீசெட் பொத்தானிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இரட்டை வயரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டார். கடலோரத்து உப்புக் காற்றில் அந்தச் சின்னப் பொத்தானின் தகடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், யாரோ விரலால் அழுத்தியதுபோலக் கணினி மறுபடி தொடங்குமாம். எங்கள் பக்கத்து வீடுகளில் யன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் உதிர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. என் கணினியில் அது காரணமில்லை. பிறகு தூசி. செயலியின் காற்றாடிக்கு அடியில், ஈரமும் உப்பும் சேர்ந்து கம்பளிபோலப் படிந்திருந்ததைத் தூரிகையால் எடுத்தார். முழுச் சுமையில் வெப்பநிலை 70 பாகை செல்சியஸ் அளவில் நின்றது. இன்டெல் செயலிகளில் பெரும்பாலானவை 100 பாகையை நெருங்கும்போதுதான் தம்மைத் தாமே மட்டுப்படுத்தத் தொடங்கும். வெப்பத்தால் நிற்கிற கணினி பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், உடனே எழும்பாது என்றும் சொன்னார். தொலைபேசியில் அந்த முதற் கேள்வியைக் கேட்டது இதற்காகத்தான்.

நினைவகத்தை இரவு முழுவதும் சோதிக்க விட்டார்கள். மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு, விண்டோஸே இல்லாமல் அதிலிருந்து கணினியைத் தொடங்கி ஓடவிடுவது. மறுநாள் காலை பிழை எதுவும் இல்லை என்று குறுஞ்செய்தி வந்தது.

இனி மின்சாரப் பாதை. நான் போய் நின்றபோது யூபிஎஸ்ஸை என் கண் முன்னால் சோதித்தார். பழைய இழை பல்பு ஒன்றை, 100 வாட், இதற்கென்றே வைத்திருக்கிறார். அதை யூபிஎஸ்ஸில் செருகிவிட்டுச் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினார். பல்பு ஒரு தரம் மங்கியது, யூபிஎஸ் விடாமல் கத்தியது, சில நொடிகளில் எல்லாம் அணைந்தது. உள்ளே இருந்த 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய அமிலப் பற்றரியின் பக்கவாட்டு உப்பியிருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை. அந்த மாதங்களில் கொழும்பில் எத்தனை யூபிஎஸ் பற்றரிகள் ஒட்ட வடிந்து வடிந்து வீணாகியிருக்கும்! நான் அதற்குப் பிறகு வாங்கியதுதான், ஆனாலும் எங்கள் வெப்பத்தில் இந்தப் பற்றரிகள் சில ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. யூபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறது என்பது பற்றரி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது என்பதை அந்த பல்பு காட்டிக்கொடுத்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் அவர்கள் பற்றரியை மாற்றிவிட்டுக் காசு வாங்கியிருக்கலாம், நானும் திருப்தியோடு போயிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. யூபிஎஸ்ஸே இல்லாமல் கணினியை நேரே சுவரில் செருகி, செயலிக்கும் கிராபிக்ஸ் அட்டைக்கும் ஒன்றாகச் சுமை கொடுக்கும் சோதனையை ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. ஆக யூபிஎஸ் மட்டும் காரணமில்லை. பவர் சப்ளை என்பது சுவர்க் கரண்டைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. பிறகு கடையில் சோதனைக்கென்று வைத்திருக்கும் நல்ல பவர் சப்ளையை வெளியில் வைத்தபடியே என் மதர்போர்டுக்கு இணைத்தார். அன்று கடை பூட்டும்வரை கணினி அசையவில்லை. அடுத்து அவர் செய்ததை வேறெந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை: என் பழைய பவர் சப்ளையை மறுபடி போட்டு, மறுபடி அணைகிறதா என்று பார்த்தார். அணைந்தது. நல்லதைப் போட்டதும் சரியாகிறது என்பதோடு நில்லாமல், பழையதைப் போட்டதும் பழுது திரும்புகிறது என்பதையும் காட்டிய பிறகுதான் கொப்பியில் ‘பவர் சப்ளை’ என்று எழுதினார்.

வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரை என் பக்கம் திருப்பிவைத்துக் காட்டினார். நான்கு முனை இணைப்பியில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் 12 வோல்ட் இருக்க வேண்டும். கூடக் குறைய 5 சதவீதம் போகலாம், அதாவது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா இருக்கும்போது 11.8 காட்டியது. சுமை ஏற ஏற எண் படி இறங்கியது. 11.5, 11.4, 11.3. அவர் விரலால் மேசையைத் தட்டிய அதே நேரத்தில் திரை கறுத்தது.

பிறகு என் பழைய பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்து காட்டினார். இதை வீட்டில் யாரும் செய்யக் கூடாது என்று அவர் இரண்டு தரம் சொன்னதை நானும் சொல்கிறேன்: பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னைத் தேக்கிவைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். அவர் அதை வெளியேற்றி, அளந்து பார்த்த பிறகே கைவைத்தார். வெளியேறும் வயர்களின் அடிவாரத்தில் விரல் நுனி அளவில் உருளை உருளையாகச் சில கப்பாசிட்டர்கள். நல்லதின் தலை தட்டையாக, அதில் கீறிய கோடுகள் மடிப்பில்லாமல் இருக்கும். என்னுடையதில் மூன்றின் தலை குவிந்து எழும்பியிருந்தது. ஒன்றில் கீறல் பிளந்து, ஓரத்தில் தேன் நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்து பொருக்காய் நின்றது. நகத்தால் தொட்டேன்; உதிர்ந்தது. இவ்வளவு காலம் என் வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது இதுதானா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாலையில் ஏன் கூடுதலாக நடந்தது என்பதற்கு அவர் தந்த விளக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தது. எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மாலையில் எல்லா வீட்டிலும் சமையலும் விளக்கும் குளிரூட்டியும் ஒன்றாக ஓடும்போது வோல்ட் இறங்கும். அதைச் சரிப்படுத்தவோ பற்றரிக்கு மாறவோ யூபிஎஸ் எடுக்கும் கணம்தான் அந்த ‘டிக்’. அந்த இடைவெளி பொதுவாக 10 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். கரண்ட் அறுந்தாலும் 16 மில்லி விநாடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கணினிப் பவர் சப்ளைகளுக்கான விதி. தண்ணீர் சபை குழாயை நிறுத்தினாலும் கூரைத் தாங்கியில் இருப்பதை வைத்து நாங்கள் சமாளிப்பதுபோல, உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர் தேக்கிவைத்திருப்பதைக் கொண்டு அந்தக் கணத்தைக் கடக்க வேண்டும். என்னுடையதில் வெளியேறும் பக்கத்துக் கப்பாசிட்டர்கள் கெட்டிருந்ததால் அந்தக் கணத்தின் தடுமாற்றத்தைச் சமாளிக்க முடியவில்லை. பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு ‘எல்லாம் சரி’ என்று இடைவிடாமல் போகும் ஒரு 5 வோல்ட் சைகை உண்டு. அது ஒரு கணம் அறுந்தாலும் மதர்போர்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சைகை திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும். அணைந்து கிடக்காமல் எழும்பியதற்குக் காரணம் அது. பிடிஎஃப் மாற்றும்போது சுமை கூடி வோல்ட் இறங்கியது, மாலையில் யூபிஎஸ் மாறும் கணத்தைத் தாங்க முடியவில்லை. இரண்டு வழியாலும் வந்து முடிந்தது ஒரே பலவீனத்தில்.

அந்தப் பவர் சப்ளை கேசிங்கோடு சேர்ந்து வந்தது. மேலே பெரிய எழுத்தில் 500. பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படிக்கச் சொன்னார். 12 வோல்ட் வரிக்கு 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினியில் செயலியும் கிராபிக்ஸ் அட்டையும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான் குடிக்கின்றன. கேசிங் வாங்கும்போது “பவர் சப்ளையோடு” என்று கேட்டு மகிழ்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் செய்யக்கூடியது.

புதியதை அவர்கள் விற்கவில்லை. சிறு துண்டில் எழுதித் தந்தார்: 450 முதல் 550 வாட் போதும், 12 வோல்ட் வரியில் குறைந்தது 35 ஆம்பியர், 80 பிளஸ் பிரான்ஸ், 5 ஆண்டு உத்தரவாதம். “நீங்களே வாங்குங்கள் அக்கா, பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருந்தால்தான் உத்தரவாதம் உங்களுக்கு” என்றார். 80 பிளஸ் பிரான்ஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்வது, பாதிச் சுமையில் 85 சதவீதம். உள்ளே இருக்கும் கப்பாசிட்டரின் தரத்துக்கு அது பொறுப்பேற்காது, அதனால்தான் உத்தரவாத ஆண்டையும் பார்க்கச் சொல்கிறேன் என்று விளக்கினார். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் துண்டை நீட்டினேன். 750 வாட் எடுங்கள் என்று ஒரு கடையில் வற்புறுத்தினார்கள். என் கிராபிக்ஸ் அட்டை தனி வயர் இல்லாமல் மதர்போர்டின் பொருத்திலிருந்தே கரண்ட் எடுப்பது. அந்தப் பொருத்து கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதைச் சொன்னதும் பேச்சு அடங்கியது. கையில் காரணம் தெரிந்த துண்டு இருந்தால் கடைக்காரரோடு கதைப்பதே வேறு விதமாகிறது. 17,500 ரூபாவுக்கு 550 வாட் ஒன்று வாங்கினேன்.

வெள்ளவத்தைக் கடைக்குக் கொடுத்தது: பரிசோதனைக் கட்டணம் 2,000, பொருத்துக் கூலி 1,500, யூபிஎஸ் பற்றரி 5,800 ரூபா. பரிசோதனைக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குகிறார்கள். பழுது கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் திருப்பித் தருவதில்லை. சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. தேடுவதற்குக் கூலி கொடுக்காத இடத்தில், உதிரிப்பாகம் விற்றுத்தான் அவர்கள் கூலியை எடுக்க வேண்டியிருக்கும். அப்போது நல்ல மதர்போர்டும் பழுதாகத்தான் தெரியும்.

குறைகள் இருக்கின்றன, மறைக்கப் போவதில்லை. சொன்ன நாளில் தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் அடுத்த செவ்வாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நாமே கேட்டால்தான் பதில். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் பூட்டு. வங்கி அட்டை எடுப்பதில்லை, காசுதான். ஒழுங்கையில் வாகனம் நிறுத்த இடமே இல்லை. மாலையில் காலி வீதி நெரிசலில் ஓட்டோவை நிறுத்தி இறக்குவதற்குள் பின்னால் நிற்பவர்கள் ஹோனை அழுத்தித் தீர்த்துவிடுவார்கள். காலை பத்து மணிக்கு முன் போவது நல்லது. வீட்டுக்கு வந்து பார்ப்பதும் இல்லை. நடக்க இயலாத முதியவர்கள் கணினியும் யூபிஎஸ்ஸும் சுமந்துகொண்டு வர வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஓட்டோவில் எடுத்துவரவாவது ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் வேலை அவசரத்தைச் சொன்னபோது அவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கல்வெட்டு கையில் இருந்தது. இறந்தவர் கொட்டாஞ்சேனையில் நீண்டகாலம் ஆசிரியராக இருந்த அம்மா. அச்சகத்துக்குக் கொடுக்க நாள் நெருங்கிவிட்டது. “தம்பி, எப்படியாவது ஒரு மணிநேரம் இதில் வேலை செய்ய விடுங்கள்” என்று கேட்டேன். சோதனைக்கு அவர்கள் வைத்திருந்த பவர் சப்ளையில் கணினியை ஓடவிட்டு, வேலை மேசையின் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டுத் தந்தார். திறந்த கேசிங்குக்குப் பக்கத்தில் இருந்து கடைசி எட்டுப் பக்கங்களையும் முடித்துப் பிடிஎஃப் எடுத்தேன். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். “எங்களுக்கும் அதுதானே அக்கா சோதனை, நீங்கள் வேலை செய்வது மாதிரியே வேறெந்த மென்பொருளும் சுமை கொடுக்காது” என்றார்.

புதிய பவர் சப்ளையும் பற்றரியும் பொருத்திய பிறகு இதுவரை கணினி தானாக அணையவில்லை. மாலையில் யூபிஎஸ் இப்போதும் ‘டிக்’ என்கிறது, திரை அசைவதில்லை. அதே மீட்டரால் அவர் அளந்து காட்டியபோது முழுச் சுமையிலும் 12 வோல்டுக்கு மிக அருகிலேயே நின்றது. விண்டோஸ் 10 விடயத்தைத் தனியாகப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். என் செயலி விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை, அதனால் அதற்கு அவசரப்பட்டு எதுவும் செய்யாமல், வங்கி வேலைகளை மட்டும் வேறு கருவியில் செய்துகொள்ளச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு மூன்று விடயம். மடிக்கணினியை எடுப்பதில்லை, மேசைக் கணினி மட்டும்தான். கோப்புகளைப் பிரதி எடுத்துவைக்கும் வேலையை அவர்கள் செய்வதில்லை, அதற்குப் பொறுப்பும் ஏற்பதில்லை. வெளி வன்தட்டு ஒன்றில் நீங்களே எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். யூபிஎஸ்ஸையும் பவர் வயரையும் மறக்காமல் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பி எடுத்துவரச் சொல்வார்கள்.